தனிப் பணிமனைகளும் வாகன நிறுவனங்களின் அங்கீகாரமும்

இந்தியாவில் ஓடும் வாகனங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இரு வகையினர். வாகன நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள அனுமதி பெற்ற சர்வீஸ் நிலையங்கள் ஒரு வகை. எந்த நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல், வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியும் அவரிடம் தொழில் பழகும் பையன்களும் நடத்தும் ஒர்க்‌ஷாப்புகள் இன்னொரு வகை. அசல் உதிரிபாகங்கள், பழுதைக் கண்டறியும் கருவிகள், தொழில்நுட்பக் கையேடுகள் ஆகியவை அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும்தானா, இரண்டாம் வகையினருக்கும் உண்டா என்ற கேள்வி 2011 முதல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன்னும் பின்னர் நீதிமன்றங்களிலும் எழுந்தது. ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றின் முக்கியமான நிகழ்வு.

புளியறைச் சாலை

தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் புளியறை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்து, மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது தமிழகத்துடன் இணைந்தது. அதன்பின் மாநில எல்லை மலைமேல் கோட்டைவாசலுக்கு நகர்ந்தது. கேரளத்திற்குள் நுழையும் முன் தமிழகப் பக்கத்துச் சோதனைச்சாவடி உள்ள ஊர் என்ற அடையாளம் புளியறைக்கு வந்தது. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இவ்வழியே செல்கிறது. இதன் பழைய எண் 208.

இச்சாலையின் இயல்பே பட்டறைகளுக்கு வேலை தருவது. ஆரியங்காவிலிருந்து ஏறி, கோட்டைவாசலைத் தாண்டிப் புளியறைக்கு இறங்கும் வண்டிகளுக்கு பிரேக் லைனர் சூடேறிப் புகையும். கிழக்கேயிருந்து பாரம் ஏற்றி மலையேறும் லாரிகளுக்கு கிளட்சும் இன்ஜினும் சூடாகும். எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலுக்கு வரும் கார்கள், கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை செல்லும் வேன்கள் என வண்டிகளின் வரத்து பருவத்திற்கேற்ப மாறும். வண்டி எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது, எந்த நிறுவனத்துடையது என்று பார்த்துப் பழுது வருவதில்லை. நடுவழியில் நின்ற வண்டிக்கு முதலில் கிடைப்பவர் சாலையோர மெக்கானிக்தான். அங்கீகரிக்கப்பட்ட நிலையம் நிறுவனத்தைப் பொறுத்துத் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருக்கும். அதுவரை வண்டியை இழுத்துச் செல்லும் செலவே சில வேளைகளில் பழுதின் செலவைவிட அதிகம்.

கருவிப்பெட்டி போதுமாயிருந்த காலம்

தனிப் பணிமனைகள் எப்போதும் இந்த நெருக்கடியில் இருந்ததில்லை. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1920களிலேயே இந்தியாவில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கின. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்தியதை ஒட்டி இரண்டும் 1950களின் முற்பகுதியில் வெளியேறின. அதற்குப் பின் சுமார் 30 ஆண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர், பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் (பின்னாளில் பத்மினி), சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஆகிய கார்கள். லாரிகளில் டாடாவும் அசோக் லேலண்டும்.

மாடல்கள் குறைவு, அவையும் ஆண்டுக்கணக்கில் மாறவில்லை. 1957இல் வந்த அம்பாசிடரின் அடிப்படை அமைப்பு இறுதிவரை ஏறக்குறைய அதேதான். ஒரு மெக்கானிக் இளமையில் கற்ற வேலை ஓய்வு பெறும் வரை அவருக்குச் சோறு போட்டது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்வது, பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பது, டைமிங் பார்ப்பது எல்லாம் காதாலும் கையாலும் செய்த வேலைகள். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் பாகங்களும் புதுப்பேட்டையில் பழைய பாகங்களும் வாங்கலாம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ள கடைகளுக்குச் சொல்லிவிட்டால் பேருந்தில் பார்சல் போட்டுவிடுவார்கள்.

அக்காலத்திலும் அங்கீகாரம் என்ற சொல் புழக்கத்தில் இருந்தது. ஆனால் அது தகுதிச் சான்று போன்றது. வேலை செய்வதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. கார் வைத்திருந்தவர் கம்பெனி சர்வீஸுக்கு விடலாம், தெரிந்த மெக்கானிக்கிடமும் விடலாம். இருவர் கையிலும் இருந்தவை ஒரே ஸ்பேனர்கள்.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 இந்த நிலையைச் சற்று மாற்றியது. ஜப்பானிய வடிவமைப்பு கொண்ட அக்காருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. கார் விற்பவர்களைத் தவிர மற்றவர்களும் விண்ணப்பித்துப் பெறக்கூடிய 'மாருதி அங்கீகரித்த சர்வீஸ் நிலையம்' என்ற ஏற்பாட்டை மாருதி உருவாக்கியது. சிறு நகரங்களில் பல பணிமனைகள் அவ்வழியே வளர்ந்தன. எனினும் இட அளவு, கருவிகள், முதலீடு ஆகியவற்றில் நிறுவனம் வைத்த நிபந்தனைகள் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு பையன்களோடு வேலை செய்பவருக்கு எட்டக்கூடியவை அல்ல.

கணினி புகுந்த பின்

1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின், 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெறும் கட்டாயம் நீக்கப்பட்டது. பல நாட்டு நிறுவனங்கள் வந்தன. சென்னைக்கு அருகே ஹூண்டாயும் ஃபோர்டும் ஆலை அமைத்தன. வண்டிகளின் எண்ணிக்கை பெருகியதால் பட்டறைகளுக்கு வேலையும் பெருகியிருக்க வேண்டும். பெருகவும் செய்தது. ஆனால் அதே காலத்தில் வண்டியின் உள்ளே நிகழ்ந்த மாற்றம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2000 ஏப்ரல் முதல் படிப்படியாகக் கடுமையாயின. கார்புரேட்டர் போய், எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. டீசல் வண்டிகளில் காமன் ரெயில் வந்தது. இன்ஜினை ஈசியூ என்ற சிறு கணினி நடத்தத் தொடங்கியது. 2010 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் பழுதைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி அமைப்பு கட்டாயமாயிற்று. காரின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், எந்த சென்சார் குறை சொல்கிறது என்பதை ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கேனர் சந்தையில் கிடைக்கும் பொருள்தான். பொதுவான பழுதுக் குறியீடுகளை மலிவான கருவியே படித்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த படியில். புது இன்ஜெக்டர் மாட்டினால் அதன் எண்ணை ஈசியூவில் பதிய வேண்டும். தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்தால் அதைக் காரின் திருட்டுத் தடுப்பு அமைப்பு ஏற்க வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் பாகங்களை மாற்றினால் அளவீடு செய்ய வேண்டும். இவற்றுக்கு நிறுவனத்தின் மென்பொருளும் கடவுச்சொல்லும் தேவை. அவை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் மட்டுமே இருந்தன. பழுது என்னவென்று தெரியும், சரிசெய்யவும் தெரியும், ஆனால் சரியாகிவிட்டது என்று வண்டிக்குச் சொல்ல முடியாது என்பதே மெக்கானிக்கின் நிலை.

உதிரிபாகத்திலும் கதவு அடைபட்டது. ஒரு காரின் பாகங்களில் பெரும்பகுதியைக் கார் நிறுவனம் தயாரிப்பதில்லை. பிரேக் ஒருவர், விளக்கு ஒருவர், கிளட்ச் ஒருவர் எனத் தனித்தனி நிறுவனங்கள் செய்து தருகின்றன. சென்னை, ஓசூர், மதுரைப் பகுதிகளில் இத்தகைய ஆலைகள் ஏராளம். அதே பாகம் கார் நிறுவனத்தின் பெட்டியில் அடைபட்டு வரும்போது ஒரு விலை. ஆலையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தால் வேறு விலை. ஆனால் நேராக வர வழியில்லை. கார் நிறுவனத்தின் ஒப்புதலின்றி வெளியே விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் தடுத்தது. மாருதி, மகிந்திரா, டாடா ஆகியவற்றின் பல பாகங்கள் கடைகளில் கிடைத்தன என்பது உண்மை. வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றின் பாகங்களுக்கு ஷோரூம் கவுண்டரே ஒரே வழி. அந்தக் கவுண்டரிலும் வெளியாருக்கு விற்பதில்லை என்ற பதில் வந்தது.

வழக்கு எண் 3/2011

போட்டிச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டாலும், போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்களையும் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையும் தடுக்கும் அதன் 3, 4ஆம் பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. இரண்டாண்டுகள் கூட ஆகாத நிலையில், 2011 ஜனவரியில், ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்கள் மீது ஒருவர் ஆணையத்திடம் தகவல் அளித்தார். அசல் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, தனிப் பணிமனைகளுக்குக் கண்டறியும் கருவிகளும் மென்பொருளும் தரப்படுவதில்லை, அதனால் கார் வைத்திருப்பவர் நிறுவனம் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம்.

விசாரணைக்குப் பொறுப்பான தலைமை இயக்குநர் இது மூன்று நிறுவனங்களின் பழக்கம் மட்டுமல்ல என்று கண்டு, ஆணையத்தின் அனுமதியுடன் விசாரணையை 17 நிறுவனங்களுக்கு விரிவாக்கினார். தன்மீது புகாரே இல்லாதபோது தன்னை எப்படிச் சேர்க்கலாம் என்று ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்று தடை பெற்றது. ஆகவே 2014 ஆணையில் ஹூண்டாய் இல்லை. உயர் நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் மனுவைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு ஜூலை 27 அன்று ஹூண்டாய்க்கு 420.26 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. உடன் விசாரிக்கப்பட்ட ரேவா, பிரீமியர் ஆகிய சிறு நிறுவனங்களுக்கு அபராதம் இல்லை.

நிறுவனங்களின் முதன்மையான வாதம் சந்தை பற்றியது. கார் சந்தையில் கடும் போட்டி நிலவுகிறது. வாங்குபவர் காரின் விலையோடு பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்கிறார். ஆகவே உதிரிபாகத்தைத் தனிச் சந்தையாகப் பார்க்கக் கூடாது என்றன. ஆணையம் இதை ஏற்கவில்லை. பத்தாண்டு பராமரிப்புச் செலவு என்னவாகும் என்று வாங்கும் நாளில் எவராலும் கணக்கிட முடியாது. வாங்கியபின் ஒரு நிறுவனக் காரில் மற்றொரு நிறுவனத்தின் பாகம் பொருந்தாது. எனவே தன் காருக்கான உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் ஆதிக்க நிலையில் இருக்கிறது என்று ஆணையம் முடிவு செய்தது. காரை வாங்குபவர் பல கடைகளில் விலை கேட்கும் வாடிக்கையாளர். வாங்கிய மறுநாள் முதல் அவர் ஒரே கடைக்குக் கட்டுப்பட்டவர்.

இரண்டாவது வாதம் அறிவுசார் சொத்துரிமை. வடிவமைப்பு எங்களுடையது, யாருக்கு விற்பது என்பதை நாங்களே தீர்மானிப்போம் என்றன நிறுவனங்கள். செய்து முடித்த பாகத்தைக் கடையில் விற்பதால் வடிவமைப்பின் மீதான உரிமை பறிபோவதில்லை என்பது ஆணையத்தின் பார்வை. உரிமை இருக்கும் இடத்தில், தயாரிக்கும் ஆலையிடமிருந்து ஒப்பந்தப்படி உரிமத்தொகை வாங்கிக்கொள்ளலாம் என்றும் வழி சொன்னது.

மூன்றாவது வாதம் பாதுகாப்பு. பயிற்சியில்லாத மெக்கானிக் கையில் பிரேக்கும் ஏர்பேக்கும் போனால் உயிருக்கு ஆபத்து, போலிப் பாகங்கள் பெருகும் என்றன. மூன்றிலும் கனமான வாதம் இதுவே. மலைச்சாலையில் போலி பிரேக் லைனர் என்ன செய்யும் என்பதைப் புளியறைச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அசல் பாகம் கடையில் கிடைக்காத இடத்தில்தான் போலி விற்கும். பயிற்சி இல்லை என்பது குறை என்றால் பயிற்சி தருவதே அதற்குப் பரிகாரம். பாகத்தை மறுப்பது அல்ல. தலைமை இயக்குநரின் விசாரணையில் வெளிவந்த விலை விவரங்கள் இவ்வாதத்தின் மீது வேறொரு வெளிச்சத்தைப் பாய்ச்சின. உதிரிபாகங்களின் மீது நிறுவனங்கள் சராசரியாக 100 விழுக்காடும், சிலவற்றில் சுமார் 5000 விழுக்காடு வரையும் விலை ஏற்றியிருந்தன.

ஆணையின் உள்ளடக்கம்

ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட், பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், இந்துஸ்தான் மோட்டார்ஸ், மகிந்திரா, மாருதி சுசுகி, மெர்சிடிஸ் பென்ஸ், நிசான், ஸ்கோடா, டாடா மோட்டார்ஸ், டொயோட்டா ஆகிய 14 நிறுவனங்களும் சட்டத்தை மீறியதாக ஆணையம் அறிவித்தது. சராசரி விற்றுவரவில் 2 விழுக்காடு என்ற கணக்கில் அபராதம் விதித்தது. மொத்தம் சுமார் 2545 கோடி ரூபாய். டாடாவுக்கு 1346.46 கோடி, மாருதிக்கு 471.14 கோடி, மகிந்திராவுக்கு 292.25 கோடி. சுமார் 2 கோடி கார் உரிமையாளர்களின் உரிமைகள் பாதிக்கப்பட்டதாக ஆணையம் குறிப்பிட்டது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் பங்கு 13.85 கோடி. எந்தத் தெருமுனை மெக்கானிக்காலும் கழற்றிப் பூட்ட முடிந்த அம்பாசிடரின் உற்பத்தி அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2014 மே மாதம், நின்றுபோயிருந்தது.

செய்தித்தாள்கள் அபராதத் தொகையைப் பெரிதாகப் போட்டன. பட்டறைக்காரருக்கு முக்கியமானது அதன் கீழே இருந்த கட்டளைகள். உதிரிபாகங்களும் கண்டறியும் கருவிகளும் எளிதில் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பாகம் தயாரிக்கும் ஆலைகள் வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. தனிப் பணிமனைகளின் செயல்பாட்டுக்கு இடையூறு செய்யக் கூடாது. அவர்களுக்குப் பயிற்சி கிடைக்க வழி செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். பாகங்களின் விலையையும் உத்தரவாத விதிகளையும் பொதுவில் வெளியிட வேண்டும்.

இவற்றுள் வாரண்டி பற்றிய கட்டளை தனித்துச் சொல்லத்தக்கது. வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற ஒரு வாக்கியமே பல ஆண்டுகளாகப் புதிய கார்களைத் தனிப் பணிமனைகளின் வாசலுக்கு வரவிடாமல் தடுத்தது. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்திற்காக மொத்த வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதற்கு ஒப்பான விதியை முன்பே கொண்டிருந்தது.

இந்த ஆணையில் ஒரு நுட்பம் உள்ளது. தனிப் பணிமனைகளுக்கும் அங்கீகாரம் வழங்குங்கள் என்று ஆணையம் சொல்லவில்லை. யாரை அங்கீகரிப்பது என்ற உரிமையை நிறுவனங்களிடமே விட்டது. அங்கீகாரம் இல்லாதவருக்கும் பாகமும் கருவியும் கிடைக்க வேண்டும் என்றே சொன்னது. இரண்டும் வேறு. முன்னதைச் சொல்லியிருந்தால் நிபந்தனைகளை நிறைவேற்ற வசதியுள்ள பெரிய பணிமனைகளே பயன்பெற்றிருக்கும்.

மேல்முறையீடுகள்

நிறுவனங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் சென்னை, டெல்லி உயர் நீதிமன்றங்களையும் நாடின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் முறையீடுகளில் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 9 அன்று முடிவு சொன்னது. சட்டமீறல் நடந்தது என்பதை உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் மொத்த விற்றுவரவின்மேல் அல்லாமல் உதிரிபாக விற்றுவரவின்மேல் கணக்கிட்டுக் குறைத்தது. போட்டிச் சட்டமே அரசியலமைப்புக்கு ஏற்றதா என்று கேட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று, ஆணையத் தலைவருக்கு இருந்த கூடுதல் வாக்குரிமையை நீக்கி, சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

வழக்காடுவதற்கு நிறுவனங்களுக்குக் காலமும் பணமும் இருந்தன. அந்த ஆண்டுகளில் தொழில்நுட்பம் நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நாடெங்கும் வந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 2020 ஏப்ரல் 1 அன்று, பாரத் ஸ்டேஜ் 6. 2014இல் மறுக்கப்பட்ட கருவிகளைப் பற்றி வழக்கு நடந்துகொண்டிருக்க, பட்டறை வாசலில் நின்றவை வேறு தலைமுறை வண்டிகள்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே வாகனத் துறைக்கான போட்டி விதிகளில் தனிப் பணிமனைகளைச் சேர்த்தது. 2007ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, பழுதுபார்ப்புத் தகவலை அனைவருக்கும் தருவதைப் புதிய வாகனங்களுக்கான ஒப்புதலோடு பிணைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்து இவ்வுரிமையைச் சட்டமாக்கினர். 2020இல், வண்டியிலிருந்து கம்பியில்லா முறையில் நேராக நிறுவனத்துக்குச் செல்லும் தகவலும் இதில் அடங்கும் என்று மீண்டும் வாக்களித்தனர். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் சேவை, பழுதுபார்ப்புத் தகவலை உரிய விலைக்குத் தர வேண்டும் என்பது சட்டம். இந்நாடுகள் தனிச் சட்டம் அல்லது விதி வழியாகச் சென்றன. இந்தியாவில் ஒரு போட்டி வழக்கின் ஆணை மட்டுமே இருந்தது.

பட்டறைக்கு எட்டாதவை

2014 ஆணை கார் நிறுவனங்களைப் பற்றியது. லாரிகளின் உதிரிபாகச் சந்தை அவ்வழக்கில் ஆராயப்படவில்லை. புளியறை போன்ற சரக்குச் சாலையில் இது சிறிய விடுபாடு அல்ல. பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில் புகையைச் சுத்திகரிக்க யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு உண்டு. அதில் பழுது தென்பட்டு, குறித்த நேரத்துக்குள் சரிசெய்யப்படாவிட்டால், ஈசியூ தானாகவே இன்ஜினின் இழுவிசையைக் குறைத்துவிடும். சமவெளியில் மெதுவாகவேனும் ஓட்டிவிடலாம். பாரத்தோடு மலையேறும்போது அது நடந்தால் லாரி அங்கேயே நிற்கும். சென்சாரை மாற்றத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருந்தும், கணினியிலுள்ள கட்டுப்பாட்டை நீக்கும் மென்பொருளுக்காக நிறுவன ஆள் வரக் காத்திருக்க நேரும்.

திறன் சான்றிதழுக்கு அரசு வழி செய்திருக்கிறது. ஐடிஐக்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு உண்டு. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், பட்டறையிலேயே தொழில் கற்றவரின் முன்னறிவைச் சோதித்துச் சான்று தரும் பிரிவும் உண்டு. பயிற்சியில்லாதவர் என்ற குற்றச்சாட்டுக்கு அச்சான்றிதழ் பதிலாகலாம். ஆனால் அதைக் காட்டினால் மென்பொருளைத் தர வேண்டும் என்ற விதி எதனோடும் அது இணைக்கப்படவில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று, நிறுவனங்கள் தங்கள் பழுதுபார்ப்புத் தகவல்களைப் பகிர்வதற்கான இணைய வாசல் திறக்கப்பட்டது. பகிர்வது கட்டாயம் அல்ல. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் தரும் குறியீட்டை வகுக்க 2024இல் இன்னொரு குழு அமைந்தது. அதற்குத் தரப்பட்ட துறை கைபேசிகளும் மின்னணுப் பொருட்களும். வாகனங்கள் அதில் சேர்க்கப்படவில்லை.